‘நாமம் போடுதல்’: ஒரு கொச்சைச் சொல்லின் தடம்

பேச்சுத்தமிழில் ஏமாற்றைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நாமம் போடுதல், மொட்டை அடித்தல், காது குத்துதல், காதில் பூச்சுற்றுதல், தலையில் மிளகாய் அரைத்தல், குல்லா போடுதல், விபூதி அடித்தல், அல்வா கொடுத்தல், டபாய்த்தல், டகால்டி, கோல்மால் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அன்பு, நன்றி, நாணயம் முதலியவற்றுக்கு நம் மக்கள் இவ்வளவு சிரத்தையோடு சொல் புனைந்திருக்கிறார்களா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லவேண்டும். நல்லதற்கு ஒரு சொல் போதும் என்று விட்டுவிட்டார்கள் போலும்.

இப்பட்டியலில் நம்மைப் பல ஆண்டுகளாக விடாமல் தொந்தரவு செய்துவருவது ‘நாமம்’. ‘பணத்தை வாங்கிக்கொண்டு பட்டை நாமம் சாத்திவிட்டான்’ என்ற வாக்கியத்தைக் கேட்காத தமிழர் இருக்கமுடியாது. சொல்பவரும் சிரிக்கிறார், கேட்பவரும் சிரிக்கிறார். பணத்தைப் பறிகொடுத்தவர் அங்கே இருந்தால் அவரும் ஒப்புக்குச் சிரித்துவைக்கிறார். ஒரு மோசடியைப் பற்றிய பேச்சில் எல்லோரும் ஏன் சிரிக்கவேண்டும் என்ற கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நாமம் வடசொல்; பெயர் என்று பொருள். வைணவர் நெற்றியில் இடும் குறிக்கு அப்பெயர் எப்படி வந்தது என்பதற்கு மரபு தரும் விளக்கம் எளிது. உடம்பில் பன்னிரண்டு இடங்களில் திருமண் இடும்போது கேசவன் தொடங்கித் தாமோதரன் ஈறாகப் பன்னிரண்டு திருநாமங்களை ஓதுவது முறை. ஓதப்பட்ட பெயரே இடப்பட்ட குறிக்கும் பெயராகிவிட்டது. ஆகுபெயரை வகுப்பில் விளக்க நாம் எடுத்தாளும் உதாரணங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மரபறிந்த வைணவர் யாரும் ‘நாமம் போட்டுக்கொண்டேன்’ என்று சொல்வதில்லை. ‘திருமண் காப்புத் தரித்தல்’ என்பார். ‘திருமண் இட்டுக்கொள்ளுதல்’ என்பார். இடுதல், தரித்தல், சாற்றுதல் ஆகியவை உள்ளிருந்து பேசுபவரின் வினைச்சொற்கள். ‘போடுதல்’ வெளியே நின்று பார்ப்பவரின் வினைச்சொல். இன்னும் ஒரு படி மேலே சென்று துணைவினையைப் பாருங்கள். பக்தர் ‘இட்டுக்கொள்கிறார்’, ஏமாற்றுக்காரன் ‘போட்டுவிடுகிறான்’. ‘கொள்’ தனக்காகச் செய்துகொள்வது. ‘விடு’ காரியம் முடிந்தது, இனி மீட்கமுடியாது என்று கதவைச் சாத்துவது. ஒரே நெற்றி, ஒரே குறி. துணைவினை மாறியதும் பக்தி மோசடியாகிவிடுகிறது.

இச்சொல் எங்கிருந்து கிளம்பியது என்பது பற்றி நண்பர்களிடையே ஒரு கருத்து உலவுகிறது. சைவ வைணவப் பூசலில் வைணவரைப் பழிக்கச் சைவர் உண்டாக்கியது என்பது அது. கேட்க நயமாக இருக்கிறது. வடகலை தென்கலைச் சண்டை காஞ்சிபுரம் வரதராசர் கோயிலிலிருந்து நீதிமன்றம் வரை போன நாட்டில், சைவரும் தம் பங்குக்கு ஒரு சொல்லை எறிந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். எனினும் நமக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘எனக்கே விபூதி அடிக்கப் பார்க்கிறாயா?’ என்று கேட்கும் தமிழனை எங்கே வைப்பது? பணம் போனால் ‘கோவிந்தா’ என்கிறோம். அதே வாயால் ‘அரோகரா’ என்றும் சொல்கிறோம். நீறும் மண்ணும் இவ்விஷயத்தில் சமமாகவே பங்கு பெற்றிருக்கின்றன. சமயப் பழிப்பு மட்டுமே காரணமாயின் கணக்கு இவ்வளவு சரியாக இராது.

(‘கோவிந்தா’வைத் திருப்பதியோடு மட்டும் முடிச்சுப் போடுவதும் பொருந்தாது. பாடை தூக்கிச் செல்வோரும் ‘கோவிந்தா, கோவிந்தா’ என்றே முழங்குவர். போன பணத்துக்குச் சொல்லப்படும் கோவிந்தா, மலையேறும் கோவிந்தாவைவிடச் சுடுகாட்டுக்குப் போகும் கோவிந்தாவுக்கே நெருக்கம் என்பது நம் எண்ணம்.)

அண்டை மொழிகளைப் பார்த்தால் வேறொரு வழி திறக்கிறது. தெலுங்கில் கடன் வாங்கிக் கைவிரிப்பதை ‘பங்கநாமம் பெட்டடம்’ என்பார்கள். ‘பங்க’ என்பது கவை. கவைபோல் பிரிந்த நாமம். கன்னடத்தாரும் ‘நாம ஹாகு’ என்கிறார்கள். அங்கேயும் ‘பங்கநாம’ உண்டு. தெலுங்கர் இன்னும் ஒருபடி மேலே போய், பெருமாள் கோயிலில் தலைமேல் வைக்கும் சடாரியையும் விட்டுவைக்கவில்லை. ‘சடகோபம் பெட்டடம்’ என்றாலும் ஏமாற்றுதலே. காதில் பூ வைத்தல் மூன்று மொழிகளுக்கும் பொது. தொப்பி வைத்தல் தெலுங்கில் உண்டு, இந்தியில் உண்டு. நாம் அதைக் குல்லா ஆக்கிக்கொண்டோம்.

நாமம் போடும் வழக்கு உள்ள இம்மூன்று மொழிக்காரர்களும் காலங்காலமாகச் சேர்ந்து ஏறிய மலை ஒன்று உண்டு. அங்கே போகிறவன் முடி கொடுக்கிறான், நாமம் இட்டுக்கொள்கிறான், மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசை உண்டியலில் சேர்க்கிறான், கோவிந்தா என்று முழங்குகிறான். வெறுங்கையோடும் மொட்டைத் தலையோடும் நெற்றி நிறைய நாமத்தோடும் திரும்பிவருகிறான். ஊர் எல்லையில் நின்று பார்க்கும் ஒரு குறும்புக்காரனுக்கு, இந்தக் கோலமும் வட்டிக்கடைக்காரனிடம் சிக்கி மீண்டவனின் கோலமும் ஒன்றுபோலத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை. அம்மலைத் தெய்வமே தன் திருமணத்துக்குக் குபேரனிடம் கடன்பட்டு, கலியுகம் முடியும்வரை வட்டி கட்டிக்கொண்டிருப்பதாகத்தான் புராணக்கதை. தெலுங்கர் ‘வட்டிக்காசுகளவன்’ என்ற பொருளிலேயே அவனுக்கு ஒரு பெயர் வைத்துக் கொஞ்சுகிறார்கள். தெய்வத்தோடு இவ்வளவு உரிமை கொண்டாடுகிறவர்கள் அதன் நாமத்தை வைத்துக் கேலி பேசியிருந்தால், அதில் பகை தேடவேண்டியதில்லை. வீட்டுக்குள் பேசும் கேலிதான் அது.

இனி நாமத்தை விட்டு மற்றச் சொற்களையும் சேர்த்துப் பார்ப்போம். நாமம் நெற்றியில், விபூதியும் அங்கேயே. மொட்டை உச்சியில். பூ காதில், குத்துவதும் காதில். மிளகாய் அரைப்பது தலையில். குல்லா தலையில். காரியம் ஆகவேண்டித் தடவுவதும் தலையையே. ஏமாற்றுச் சொற்கள் பெரும்பாலும் கழுத்துக்கு மேலேயே நடக்கின்றன! திருட்டுச் சொற்களை எண்ணிப் பாருங்கள். கைவரிசை காட்டினான், கையாடினான், சுருட்டினான், அடித்தான், சுட்டான், ஆட்டையைப் போட்டான், லவட்டினான். அங்கே எல்லாம் திருடனின் கை வேலை செய்கிறது. பறிகொடுத்தவனின் உடம்பு காட்சியிலேயே இல்லை. திருட்டில் திருடனின் கையும் ஏமாற்றில் ஏமாந்தவனின் தலையும் முன்னே வந்து நிற்கின்றன. யாரும் திட்டமிட்டுச் செய்யாத இந்தப் பாகுபாடு நம்மை முதன்முதலில் உலுக்கியது ஒரு தேர்வுக்கூடக் கண்காணிப்பின்போது. எழுதும் மாணவர்களின் தலைகளையே மூன்று மணிநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படியெல்லாம் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. இவற்றுட் பல சடங்குகள். நம் ஊர்களில் குலதெய்வக் கோயிலில் நடக்கும் காதுகுத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. முதலில் மொட்டை, பிறகு தலையில் சந்தனம், கழுத்தில் பூமாலை, நெற்றியில் திருநீறோ திருமண்ணோ. ஆசாரி வந்ததும் வாயில் ஓர் இனிப்பைத் திணிக்கிறார்கள். குழந்தை அதைச் சுவைத்துக்கொண்டிருக்கும்போதே காதில் ஊசி இறங்குகிறது. குழந்தை வீரிட்டு அலறுகிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். நாமம், மொட்டை, பூ, காதுகுத்து, கடைசியில் அல்வா வரை நம் கொச்சைச் சொற்களில் பாதி இந்த ஒரு சடங்குக்குள் அடங்கிவிடுகின்றன. ‘எனக்கு ஏற்கெனவே காது குத்தியாகிவிட்டது’ என்று ஒருவன் எச்சரிப்பதன் பொருள், நான் குழந்தையல்ல என்பதுதான்.

ஆக, ஏமாந்தவனை நம் மொழி மடியில் உட்காரவைக்கப்பட்ட குழந்தையாகப் பார்க்கிறது. அவன் தலையைத் தானே குனிந்து கொடுத்தான். நாவிதரை யாரும் திருடர் என்று சொல்வதில்லை அல்லவா? இங்கேதான் கொச்சைமொழி நம்மை வியக்கவைக்கிறது. சட்டம் திருட்டையும் ஏமாற்றையும் பிரித்த இடமும் இதுவே. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவு, உடையவரின் இசைவின்றி எடுப்பதைத் திருட்டு என்றது. 415-ஆம் பிரிவு, வஞ்சித்து, உடையவரையே கொடுக்கத் தூண்டுவதை ஏமாற்று என்றது. முன்னதில் இசைவு இல்லை. பின்னதில் இசைவு உண்டு, ஆனால் அது பொய்யால் பெறப்பட்டது. சட்டநூல் பார்த்தறியாத மக்கள் கையையும் தலையையும் வைத்து அதே கோட்டைக் கிழித்திருக்கிறார்கள்.

ஆனால் கோட்டைக் கிழித்தபின் சட்டமும் கொச்சையும் எதிரெதிர்த் திசையில் போய்விடுகின்றன. அச்சட்டத்தில் சாதாரணத் திருட்டுக்கு உச்ச தண்டனை 3 ஆண்டுகள். ஏமாற்றிப் பொருளைக் கொடுக்கவைப்பதற்கு 7 ஆண்டுகள். நம்பிக்கையைக் கருவியாக்கிப் பறிப்பது, கண்மறைவில் எடுப்பதைவிடக் கொடிது என்று சட்டம் கருதிற்று. நம் பேச்சோ திருட்டுக் கொடுத்தவனிடம் ‘ஐயோ பாவம்’ என்கிறது. ஏமாந்தவனிடம் ‘உனக்கு வேண்டும்’ என்கிறது.

இதற்கு இலக்கணத்திலேயே ஒரு வேர் இருக்கிறது என்பது நம் துணிபு. ‘ஏமாற்று’ என்பது பிறவினை. அதன் தன்வினை ‘ஏமாறு’. மாறு, மாற்று, ஏறு, ஏற்று, ஆறு, ஆற்று என்பனபோல. அதாவது முதலில் நிற்பது ஏமாறுகிறவனின் செயல். அதைச் செய்யத் தூண்டுவதே மற்றவனின் செயல். திருடு என்பதற்கு இப்படியொரு தன்வினை கிடையாது. பறிகொடுத்தவன் செய்வதாகத் தமிழில் ஒரு வினை அங்கே இல்லை. ஏமாற்றில் மட்டும் வினைக்குப் பங்காளி உண்டு. ‘ஏன் ஏமாந்தாய்?’ என்று கேட்கமுடிகிறது. வீட்டில் திருடு போனவனிடம் அதற்கிணையான கேள்வி ஒன்றைக் கேட்கவேண்டுமானால் சுற்றிவளைத்துத்தான் கேட்கவேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சியாக நமக்கு இல்லாமற்போனதற்குக் காரணம் நம் அத்தை. தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவரை முன்பே இழந்தவர். 1990-களின் நடுவில் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு நிதிநிறுவனங்கள் முளைத்திருந்த காலம். நூற்றுக்கு இருபத்துநான்கு வட்டி, முன்கூட்டியே ஒரு தங்கக்காசு என்றெல்லாம் நாளிதழ்களில் முழுப்பக்கம் விளம்பரம் வரும். அத்தை தம் பணிக்கொடையில் பெரும்பகுதியை அப்படியோர் இடத்தில் போட்டார். கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவரோடு அதே பள்ளியில் வேலை பார்த்தவர். இம்மாதிரி நிறுவனங்களுக்கு விளம்பரம் பாதிதான். மீதியை முகம் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வட்டி ஓராண்டுக்கு மேல் மாதம் தவறாமல் வந்தது. பிறகு ஒருநாள் கதவில் பூட்டுத் தொங்கியது.

அத்தை அழவில்லை என்று சொல்வார்கள். கணக்குப் போட்டார், செலவைக் குறைத்தார், காலையில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் எடுத்தார். மற்றவர்களோடு சேர்ந்து அந்த அலுவலகத்தின் முன் நின்றுவிட்டும் வந்தார். வைப்பீட்டாளர் நலனைக் காக்கத் தமிழ்நாடு அரசு 1997-இல் தனிச்சட்டமே கொண்டுவந்தது. நிறுவனத்தாரின் சொத்தைக் கையகப்படுத்தவும், தனி நீதிமன்றத்தின் வழியே அதை விற்றுப் பணத்தைப் பங்கிட்டுத் தரவும் அதில் வழி இருந்தது. புகார் மனு எழுதவேண்டியதுதான் பாக்கி.

1998-இல் உறவில் ஒரு கல்யாணம். நாம் அப்போது கல்லூரி மாணவர். பந்தியில் அத்தைக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தோம். எதிர்வரிசையில் இருந்த உறவினர் ஒருவர், சாம்பார் ஊற்றும்வரை பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “என்ன டீச்சர், கம்பெனிக்காரன் வடகலை போட்டானா தென்கலை போட்டானா?” பந்தியே சிரித்தது. அத்தை இலையைப் பார்த்துக்கொண்டே, “நான் முன்னாடியே எடுத்துட்டேனே” என்றார். கேட்டவர் கெட்டவர் அல்லர். அத்தைக்கு உடம்புக்கு முடியாதபோது மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். அவர் வாய்க்கு மொழி ஒரு சொல்லைத் தயாராக எடுத்து வைத்திருந்தது. அவர் அதை எடுத்துப் பயன்படுத்தினார், அவ்வளவே.

அன்று சொன்ன பொய்யை அத்தை கடைசிவரை மாற்றவில்லை. பணத்தை முன்பே எடுத்துவிட்டதாகச் சொன்னபின் எப்படிப் புகார் கொடுப்பது? நெற்றியில் இருப்பது தனக்குத் தெரியாது, ஊருக்குத்தான் தெரியும் என்பதுதானே நாமம் என்ற சொல்லின் விஷமமே. கண்ணாடி பார்த்து அழித்துக்கொண்டவர் மறுபடி வெளியே வந்து ‘இங்கே ஒரு நாமம் இருந்தது’ என்று எப்படிச் சொல்வார்?

அத்தை 2011-இல் காலமானார். அவருடைய டிரங்குப்பெட்டியில் அந்த நிறுவனத்தின் வைப்பு ரசீதும், அதோடு சேர்த்துக் குண்டூசி குத்திய ஒரு முழுநீளத் தாளும் இருந்தன. மாவட்டக் காவல்துறைக்கு எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட மனு. முத்து முத்தான ஆசிரியைக் கையெழுத்து. இரண்டாம் பத்தியில் ‘ஏமாந்துவிட்டேன்’ என்று எழுதி, அடித்து, மேலே ‘ஏமாற்றப்பட்டேன்’ என்று எழுதி, அதையும் அடித்திருந்தார். மூன்றாவதாக ஒன்றும் எழுதவில்லை. தன்வினை, செயப்பாட்டுவினை இரண்டும் அவருக்கு ஒத்துவரவில்லை. இரண்டிலும் எழுவாயாக நிற்பவர் அவரே. ஏமாற்றியவன் வாக்கியத்துக்குள்ளேயே இல்லை.

பழைய இலக்கியம் இப்படியா பார்த்தது என்றால், இல்லை. வள்ளுவர் கூடாவொழுக்கத்தை 28-ஆம் அதிகாரமாகவும் கள்ளாமையை 29-ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். வேடம் போட்டு வஞ்சிப்பவனைப் பேசிவிட்டே திருடனிடம் வருகிறார். அங்கே உவமைகள் முழுவதும் வஞ்சிப்பவன்மீதே விழுகின்றன. புலித்தோலைப் போர்த்துக்கொண்டு பயிர் மேயும் பசு அவன்தான். புதரில் மறைந்து பறவைக்கு வலைவிரிக்கும் வேடனும் அவன்தான். வலையில் விழுந்த பறவையைப் பார்த்து வள்ளுவர் சிரிக்கவில்லை. அதைவிடச் சுவையானது, அவ்வதிகாரத்தின் முடிவில் மழித்த தலையும் வருகிறது. ஆனால் அது ஏமாந்தவனின் மொட்டை அன்று. ஏமாற்றுகிறவன் வேடத்துக்காகப் போட்டுக்கொண்ட மொட்டை. அன்று வஞ்சகன் தலையில் இருந்த மொட்டையை இடைக்காலத்தில் எப்போதோ கழற்றி ஏமாந்தவன் தலையில் வைத்துவிட்டோம். இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் இந்தக் கைமாற்றத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம்.

கொச்சைமொழியிலும் ஏமாற்றியவனை நேராகச் சுட்டும் சொல் இல்லாமல் இல்லை. ‘எத்தன்’ இருந்தது, இப்போது ‘எத்தனுக்கு எத்தன்’ என்ற தொடரில் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அதன் இடத்தைப் பிடித்தது ஓர் எண். ‘அவன் சரியான ஃபோர் ட்வென்ட்டி’ என்றால் படிக்காத பாட்டிக்கும் புரியும். தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு, ஏமாற்றிப் பொருளைக் கொடுக்கச் செய்யும் குற்றத்துக்கு உரியது. 1862 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் நூற்றுக்கணக்கான பிரிவுகளில் மக்கள் நாவில் ஏறியவை மிகச் சில. அவற்றில் இது முதன்மையானது. ராஜ் கபூர் 1955-இல் ‘ஸ்ரீ 420’ என்று படத்துக்கே பெயர் வைத்தார். மரியாதைக்குரிய ‘ஸ்ரீ’யை அவ்வெண்ணுக்கு முன்னால் ஒட்டிய துணிச்சல் இன்றும் ரசிக்கத்தக்கது. நைஜீரியாவிலும் இதே கதை. அந்நாட்டுக் குற்றச்சட்டத்தில் பொய் சொல்லிப் பொருள் பறிப்பதற்கான பிரிவு 419. அங்கே மோசடிக்கு மக்கள் வைத்த பெயரும் ‘ஃபோர் ஒன் நைன்’. இரண்டு தேசத்து எத்தர்கள் அடுத்தடுத்த வீட்டு இலக்கத்தில் குடியிருந்தார்கள்!

எண்ணுக்கும் நாமத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். ‘நாமம்’ என்றதும் ஏமாந்தவனின் நெற்றி தெரிகிறது. ‘420’ என்றதும் ஏமாற்றியவனின் முகம் தெரிகிறது. எண்ணைச் சொல்லி ஏமாந்தவனைக் கேலி செய்யமுடியாது. அயல்நாட்டான் எழுதிய சட்டத்திலிருந்து வந்தது, கலைநயம் சிறிதும் இல்லாதது, வெறும் இலக்கம். இருந்தும் நாமம், மொட்டை, காதுகுத்து ஆகிய அத்தனை அழகிய சொற்களையும்விட அதற்கே நம் வாக்கு. தமிழாசிரியர் ஒருவர் இப்படிச் சொல்வது சிலருக்கு வருத்தம் தரலாம்.

அந்த எண்ணுக்கும் இப்போது வீடு இல்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 420 இருந்த இடத்தில் 318-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு இருக்கிறது. தண்டனை அதே 7 ஆண்டுகள்தான். ஆனால் ‘அவன் ஒரு முந்நூற்றுப் பதினெட்டு அடைப்புக்குறி நான்கு’ என்று யார் சொல்வார்கள்? பாகிஸ்தான், வங்காளதேசம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் சட்டங்களில் 420 இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. அதைச் சினிமாப் பெயராகவும் வசவாகவும் வளர்த்த நாட்டில்தான் அது இல்லை. பேச்சில் இன்னும் சில தலைமுறை ஓடும். வேர் அறுந்த சொல் எவ்வளவு காலம் ஓடும் என்று கணிக்க நாம் சோதிடர் அல்லோம்.

இது ஏன் கவலை தருகிறது என்றால், மோசடி இப்போது வீட்டு வாசலில் அன்று, உள்ளங்கையில் நிற்கிறது. பகுதிநேர வேலை என்று ஒரு குறுஞ்செய்தி, ‘உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்’ என்று ஒரு காணொளி அழைப்பு. பணம் போன உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால், அது கைமாறுவதற்குள் வங்கிக் கணக்கில் முடக்க வாய்ப்புண்டு. இங்கே மணிக்கணக்கு முக்கியம். நம் வகுப்பு மாணவி ஒருவர் கல்விக்கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை இப்படித்தான் இழந்தார். மூன்று வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏனம்மா உடனே சொல்லவில்லை என்றதற்கு, “மொட்டை போட்டாச்சான்னு கேட்டுச் சிரிப்பாங்க ஐயா” என்றார். இருபது வயதுப் பெண். நாமம் போய் மொட்டை வந்திருந்தது, வேறொன்றும் மாறவில்லை. மூன்று வாரத்தில் அந்தப் பணம் எத்தனை கணக்கு தாண்டியிருக்கும் என்பதை வங்கிக்காரர் விரல்விட்டு எண்ணிச் சொன்னார்.

முதலாண்டு மாணவர்களுக்கு விண்ணப்பமும் புகார்க் கடிதமும் எழுதக் கற்பிப்பது நம் வேலைகளில் ஒன்று. பேருந்து நிறுத்தம் வேண்டும், தெருவிளக்கு எரியவில்லை என்பவை வழக்கமான தலைப்புகள். மேற்படி நிகழ்ச்சிக்குப் பிறகு பணமோசடி குறித்த புகாரையும் சேர்த்துக்கொண்டோம். ஒரே ஒரு விதி வைத்தோம்: ‘ஏமாந்துவிட்டேன்’ கூடாது, ‘ஏமாற்றப்பட்டேன்’ என்பதும் கூடாது. ஏமாற்றியவனை எழுவாயாக வைத்தே முதல் வாக்கியம் தொடங்கவேண்டும். பெயர் தெரியாவிட்டால் ‘இந்த எண்ணிலிருந்து பேசிய நபர்’ என்று தொடங்கலாம். நாற்பது பேரில் முப்பது பேர் முதல் முயற்சியில் ‘நான்’ என்றே தொடங்கினார்கள். அடித்து மறுபடி எழுதச் சொன்னோம். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள். சட்டப்பிரிவு எழுதவேண்டுமா என்று ஒருவர் கேட்டார். கட்டாயமில்லை, எழுதினால் 318(4) என்று எழுதுங்கள் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டோம்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: “நானூத்தி இருபதுன்னே எழுதிடலாமா ஐயா?”

குற்றம் 2024 ஜூலைக்கு முன்னால் நடந்திருந்தால் அப்படியே எழுதலாம் என்றோம்.